கண்டென்சர் என்று சொன்னவர்

அன்று காலை நான் முதலில் செய்தது வண்டியைக் கிளப்பியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்ததும் வீட்டுப் பக்கவாட்டுச் சாய்ப்புக்குப் போய், மூடியிருக்கும் உறையை விலக்கி, பெட்ரோல் குழாயைத் திறந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிக்கரை மிதிப்பேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். அது என் கணவருடைய மோட்டார் சைக்கிள், எனக்கு ஓட்டத் தெரியாது. நின்றே கிடந்தால் கெட்டுப்போகும் என்று சுருளிவேல் அண்ணன் சொன்னதற்காகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அன்று இரண்டாவது மிதியில் கிளம்பியது. அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் போட்ட சத்தத்தில், உள்ளே மேசைமேல் செல்போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. அணைத்துவிட்டு வந்து பார்த்தால் மூன்று அழைப்புகள், மூன்றும் எங்கள் துறைத்தலைவருடையவை. திரும்பக் கூப்பிட்டேன்.

"மேடம், நம்ம கண்டென்சர் அண்ணன் போயிட்டாக," என்றார்.

அந்த நேரத்திலும் அவர் வாயில் அந்தப் பட்டப்பெயர்தான் வந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. கோம்பையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, எல்லோருக்கும் முன்னால் ஆய்வகத்தைத் திறந்துவைத்த உதவியாளர் சுருளிவேல், இந்த மலரைப் படிக்கும் உங்களுக்கெல்லாம் கண்டென்சர் அண்ணன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு மாணவி, கால்வனாமீட்டரை மின்தடை எதுவும் இல்லாமல் நேராக பேட்டரியோடு இணைத்துவிட்டாள். முள் ஓடிப்போய் முட்டி வளைந்தது, உள்ளே சுருள் கருகியது. அப்போதிருந்த துறைத்தலைவர் கண்டிப்பானவர். யார் செய்தது என்று பெயர் கேட்டார். சுருளிவேல் அண்ணன் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். "கால்வனாமீட்டருக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க சார், சொல்றேன். யாருன்னு கேக்குறது போலீசு வேலை. அதுக்கு நான் படிக்கல," என்றார். பிறகு இரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து சுருளை அவரே புதிதாகச் சுற்றினார். அந்த மாணவி இன்று ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறாள். இதைப் படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

கோளாறு தேடுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. அவசரப்படுகிற மாணவர்களிடம் சொல்வார்: "ஒண்ணை மாத்திட்டு ஒண்ணைப் பாருங்க. ரெண்டையும் சேத்து மாத்துனா சரியாப் போயிரும். ஆனா எதுனால சரியாச்சுன்னு சாகுற வரைக்கும் தெரியாது." நிரூபிக்காத எதையும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு காரியத்தைப் பிடித்தால் கோம்பைக்காரர் விடமாட்டார் என்று, அவர் ஊரின் பேர்போன வேட்டை நாயைச் சொல்லி ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். "கடிக்காத வரைக்கும் சந்தோசப்பட்டுக்கங்க," என்று அவரும் சிரிப்பார்.

என் கணவர் இறந்தது ஒரு கார்த்திகை மாதத்து விடியலில். எங்கள் வீடு கம்பத்துக்கு மேற்கே, மலைக்கு ஏறுகிற சாலையோரம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கரில் அவர் திராட்சை போட்டிருந்தார். அன்று தூறலும் பனியுமாக இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார், வேர்வையில் சட்டை ஒட்டிப்போயிருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். தான் ஓட்டுவதாகவும், அவரை நடுவில் வைத்து நான் பின்னால் பிடித்துக்கொண்டால் போதும், ஐந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி என்றும் சொன்னார். வண்டி கிளம்பவில்லை. எதிர்வீட்டுக்காரர் மிதித்துக்கொண்டே இருந்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மிதித்தார். இருபது நிமிடம் போயிருக்கும். அப்புறம் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் ஒன்று வந்தது, அதை மறித்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்மா," என்றார். அவர் எதார்த்தமாகத்தான் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கணவரின் அம்மா, என் அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. வீட்டுல என்ன பண்ணி வச்சியோ."

அதற்குப் பின் அவர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மார்க்கையன்கோட்டையில் இருக்கும் இளைய மகன் வீட்டுக்குப் போய்விடப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து காட்டினேன். ஒருவர் பிளக்கை மாற்றினார். இன்னொருவர், கரண்ட் வீக்காக இருக்கிறது, பழைய வண்டி இப்படித்தான், விற்றுவிடுங்கள் என்றார். வெயில் நாளில் வண்டி கிளம்பியது, ஈரமான காலையில் மறுத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு ஒருநாள் ஆய்வகத்தில் சுருளிவேல் அண்ணனிடம் கேட்டேன். "எனக்கு வண்டி ஓட வேண்டாம் அண்ணே. அன்னைக்கு ஏன் கிளம்பலைன்னு தெரியணும்." அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தெரிஞ்சு என்ன செய்யப் போறீக என்று கேட்பார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

வந்தபோது மனைவி பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கணவனை இழந்து ஆறு மாதமான பெண் இருக்கும் வீடு. வெளிக் கதவை அகலத் திறந்து, காற்றில் மூடாதபடி ஒரு கல்லை எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவர் வண்டியின் பக்கம் போனார். பேச்சியம்மாள் மொச்சைக் காயோடு வந்திருந்தார். "எங்க வீட்டு மிக்ஸி மூணு மாசமாக் கெடக்கு. அதுக்குக் கம்பத்துல ஒரு வீடு பாத்து வச்சாத்தேன் அவுக வந்து பாப்பாக போல," என்றார். பல மாதங்களுக்குப் பின் அந்த வீட்டில் நான் சிரித்தேன்.

பிளக்கைக் கழற்றி, ஒயரோடு சேர்த்து இன்ஜின்மேல் படுக்கவைத்துக் கிக்கரை மிதித்தால், அதன் முனையில் பொறி தெரியும். "வெயில்ல பாத்தா எல்லாப் பொறியும் செத்த பொறிதேன்," என்று தோளிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் கூடாரம்போல் பிடிக்கச் சொன்னார். மிதிக்க வேண்டியவர் அவர். துண்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டியவர்கள் நானும் பேச்சியம்மாளும். இரண்டு பெண்கள் ஒரு துண்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, வியர்வையும் பெட்ரோல் வாடையுமாகக் குனிந்திருந்தோம். வெளியிலிருந்து அவர் கேட்பார், என்ன நிறம் என்று. "மஞ்சளு. திரி அணையப் போறப்ப இருக்குமே, அப்பிடி," என்பார் பேச்சியம்மாள். நீலமாக வர வேண்டும், சடக்கென்று சத்தம் கேட்க வேண்டும், அப்போதுதான் இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தில் அது பற்றும் என்று அண்ணன் விளக்கினார்.

முதல் ஞாயிறு பிளக்கையும் அதன் மூடியையும் மாற்றிப் பார்த்தார். மஞ்சள்தான். அடுத்த ஞாயிறு, மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டைத் தேய்த்து, இடைவெளியை அளந்து வைத்தார். அப்போதும் மஞ்சள்தான். ஒவ்வொன்றுக்குப் பிறகும் எங்கள் தலை துண்டுக்குள் போய்வந்தது. மூன்றாம் ஞாயிறு தேனியிலிருந்து, பாயின்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளையான கண்டென்சர் ஒன்றைப் புதிதாக வாங்கிவந்திருந்தார். அதை மாட்டுவதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி, அடியில் இருக்கும், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றார். அன்று அத்தையும் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். யாரும் கூப்பிடவில்லை. மூன்று வாரமாக இவர்கள் என்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்க வந்திருந்தார்.

நான் காபி போட உள்ளே போனேன். பால் பொங்கும்போது பேச்சியம்மாளின் குரல் கேட்டது: "மேடம், நீலமா அடிக்குது."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். சுருளிவேல் அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒயர் ஒன்றைக் காயிலின் பட்டையிலிருந்து இன்ஜினுக்கு நேர்வழியாகப் போட்டிருந்தார். காயில் வண்டிச் சட்டத்தோடு சேரும் போல்ட்டைச் சுற்றி நீலமும் பச்சையுமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அந்தப் பொருக்கில் மஞ்சள் துணி நூல்கள் ஒட்டியிருந்தன.

நான் இயற்பியல் படித்தவள். எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. அந்த ஐப்பசியில் திராட்சைக்கு மருந்தடித்தது போக மிஞ்சிய மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, என் பழைய மஞ்சள் சேலைத் துணியில் முடிந்து, மறுநாள் தோட்டத்துக்கு எடுத்துப்போக மறக்கக் கூடாது என்று வண்டியிலேயே, டேங்குக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டவள் நான். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மருந்தடிப்பது தள்ளிக்கொண்டே போனது. முடிச்சு மூன்று வாரம் அங்கேயே கிடந்து, ஈரத்தை இழுத்து, சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. எல்லாம் கரைந்தபின் துணியும் இற்று விழுந்து, நூல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மயில்துத்தம் இரும்பைத் தின்னும் என்று வகுப்பில் சோதனை செய்து காட்டுகிறவள் நான். போல்ட் அரித்து, காயில் சட்டத்தோடு சரியாகச் சேராமல் போய், பொறி பாதியாகிவிட்டது.

அத்தை படியிலிருந்து கேட்டார்: "என்ன தம்பி? யாரு பண்ணுன வேலை?"

அண்ணன் உடனே திரும்பவில்லை. அந்த நூலைக் கிள்ளி எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒயரையும் கழற்றிச் சுருட்டினார். பிறகு திரும்பி, அத்தையை மட்டும் பார்த்து, "யாரும் பண்ணல ஆத்தா. கண்டென்சரு. உள்ளுக்குள்ள கெடக்குற சாமான். அது எப்பப் போகும்னு எவனாலயும் சொல்ல முடியாது," என்றார்.

போல்ட்டைத் துடைத்துத் தேய்த்து இறுக்கிய கையோடு, அரை மணி நேரம் உட்கார்ந்து புதுக் கண்டென்சரையும் மாட்டினார். ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்க்கச் சொன்னவர், கோளாறு இல்லாத ஒன்றை அத்தையின் கண் முன்னால் மாற்றினார். அத்தை, "அப்ப அவன் நேரந்தேன்," என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் மகன் இறந்தபின் என்னைத் தொட்டது அன்றுதான். மார்க்கையன்கோட்டைப் பேச்சு அதன்பின் எழவில்லை.

எனக்கு அது போதவில்லை. ஒருவேளை கண்டென்சரும் கெட்டிருக்கலாமோ என்ற ஆசை. கழற்றிப்போட்ட பழையதை எடுத்துக்கொண்டு மறுநாள் ஆய்வகத்துக்குப் போய் மீட்டரில் மாட்டினேன். அளவு சுத்தமாக இருந்தது, கசிவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். திரும்பி வரும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்றைய இளைய விரிவுரையாளர், இன்றைய துறைத்தலைவர், எப்படியோ வண்டிக் கதையைக் கேள்விப்பட்டு, மீட்டரைக் காட்டி, "என்னண்ணே, நல்ல கண்டென்சரத் தூக்கி எறிஞ்சிட்டு மேடம் வண்டிய ரிப்பேர் பண்ணிட்டேன்னு சொன்னீகளாமே," என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாணவர்களும் நின்றார்கள். அவர் நல்லவர். அவருக்கு அது விளையாட்டு.

அண்ணன் மீட்டரைப் பார்த்தார். அதை அங்கே மாட்டியது யாராக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய இடம் அது. "ஆமா சார், அதுல ஏமாந்துட்டேன்," என்று அவரே சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கப் போனார். அந்த வாரமே பெயர் ஒட்டிக்கொண்டது. நிரூபிக்காமல் ஒரு சொல் சொல்லாத மனிதரை, ஒரு தவறின் பெயரால் பத்து ஆண்டுகளுக்குமேல் கூப்பிட்டோம். கூப்பிட்ட போதெல்லாம் அவர் திரும்பினார். நான் கூப்பிட்டதில்லை, கூப்பிட வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

ஒரே ஒரு முறை பேச்செடுத்தேன். உத்தமபாளையம் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தோம். எனக்குக் கம்பம் பஸ், அவருக்குக் கோம்பை பஸ். "அண்ணே, அந்தக் கண்டென்சர்..." என்று ஆரம்பித்தேன். அவர் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி கெளம்பலைங்கிறதையே நெனைச்சுக்கிட்டு இருக்கீக மேடம். அந்த ஜீப்ப நெனைங்க. அம்புட்டுப் பொம்பளைகளும் மழைக்குள்ள எறங்கி நின்னாகல்ல."

அவர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கு அதுவரை அந்தப் பெண்கள் நினைவுக்கு வந்ததே இல்லை. அன்று நின்ற இடத்தில் எல்லாம் வந்தது. பதினைந்து பேர் இருக்கும். யாரும் எதுவும் கேட்கவில்லை. தூக்குவாளிகளோடு சாலையோரம் வரிசையாக இறங்கி நின்றார்கள். ஒருத்தி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுருட்டி என் கணவரின் தலைக்கு அண்டக் கொடுத்தாள். அதை நான் எப்போதோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதை நான் மறந்திருக்கிறேன், அவர் வைத்திருந்திருக்கிறார். சுருளிவேல் அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். அந்த விடியலை நினைக்கும்போது, கிளம்பாத வண்டிக்குப் பிறகு ஜீப்பும் வருகிறது, பெண்கள் இறங்குகிறார்கள்.

தேனி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவருக்குப் பேச முடியவில்லை. கட்டிலருகே கொஞ்ச நேரம் இருந்தேன். இத்தனை வருடமும் நாங்கள் அதைப் பேசாமல் இருந்தோம். பேசாமல் இருப்பதற்கு எனக்கு ஒருவர் இருந்தார் என்பது, அவர் போன பிறகுதான் தெரிகிறது. ஆய்வகத்தில் அவர் நாற்காலியைத் தாண்டிப் போகும்போது, இனி நான் தனியாகத்தான் பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

போன வாரம் ஆய்வகத்திலேயே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். துறைத்தலைவர் பேசும்போது கண்டென்சர் கதையைச் சொன்னார், அன்போடுதான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த பேச்சியம்மாளும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என்னைப் பேச அழைத்தபோது முடியவில்லை என்று சைகை காட்டினேன். கூட்டம் முடிந்து நடைவழியில் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தார்.

"மேடம், அவுக நெசமாவே அதுல தப்புப் பண்ணிட்டாகளா? நீலமா அடிச்சதை நான் கண்ணால பாத்தேனே."

"பெரிய தப்பெல்லாம் இல்லம்மா," என்றேன்.

எழுதவே கை கூசுகிறது. அவர் உயிரோடு இருந்தபோது ஒருமுறை, இறந்தபின் ஒருமுறை அவரை விட்டுக்கொடுத்திருக்கிறேன். கல்லூரியின் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எளிமையானவர், கடமை தவறாதவர் என்றெல்லாம் முதலில் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதியிருக்கிறேன். சுருளிவேல் அண்ணன் தவறு செய்யவில்லை. கோளாறைச் சரியாகக் கண்டுபிடித்தார். அதைச் செய்தவள் நான். அதை அவர் சொல்லாமல் விட்டார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் கோம்பைக்குப் போய்ப் பேச்சியம்மாளிடம் படித்துக் காட்டுவேன். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அத்தைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே ஆள் அவர்தான். மலர் வெளியானால் யாராவது ஒருவர் மார்க்கையன்கோட்டையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இளைய மகன் படித்துச் சொல்லித்தான் அவருக்குத் தெரியவரும். அப்படி நடக்க வேண்டாம். நாளைக் காலை காபி கொடுத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, இதை முழுவதும் நானே அவருக்குப் படிக்கப்போகிறேன். அதன்பின் அவர் கிளம்பினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டு வருவேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குக் காது இரண்டும் மந்தமாகிவிட்டது, உரக்கப் படித்தால்தான் விளங்கும். தெருவுக்கும் கேட்கும். கேட்கட்டும்.